‘கம்’ சாருக்கு ஒரு சந்தேகம்

“‘கம்’னா ‘வா’ சார். நேத்தும் அதான் சொன்னேன், முந்தாநாளும் அதான் சொன்னேன்” என்றாள் அவள், ஹெட்போனைச் சரிசெய்தபடி.

“அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சும்மா?” என்றது மறுமுனையில் ஒரு வயதான குரல்.

“ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல ‘குமன்’னு இருந்துச்சு. தேய்ஞ்சு தேய்ஞ்சு ‘கம்’னு ஆயிடுச்சு.”

“சரி, எப்படிப் பயன்படுத்தறது? ஒரு உதாரணம் சொல்லு.”

“‘கம் ரவுண்ட்’. பிடிவாதமா இருக்கறவர் மனசு மாறி இறங்கி வர்றது.”

“அது வேண்டாம். வேற சொல்லு.”

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஆங்கிலச் சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்லும் அலுவலகம் அது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள். இந்த மனிதர் மட்டும் தினமும், அவள் சாப்பிட்ட கை காய்வதற்குள், அதே ஒரு வார்த்தையோடு வந்து நிற்பார். கூப்பிட்டவர் வைக்கும்வரை இவர்கள் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அவரோ லேசில் வைக்க மாட்டார். ஆபீஸில் ‘கம் சார்’ என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

ஒருவழியாக அவர் வைத்ததும் பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். “போன வாரம் நீ லீவுல இருந்தப்ப என்கிட்ட மாட்டினார். தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன், ஒண்ணும் காதுல விழலை.”

“போனை வலது காதுல வெச்சுக்கச் சொல்லணும். இடது காது மந்தம்.”

“தினம் பேசிப் பேசி அவர் பூர்வீகமே உனக்கு அத்துப்படி போல. ஆனா அந்த மனுஷனால உன் வேலைக்கு உலை வெக்கப் போறாங்க. வீட்டுக்காரரும் சும்மாதான் இருக்கார். வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவே? அப்பா வீட்டுக்குப் போக முடியாதா?”

“நானா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு, உயிர் போனாலும் உன்கூடப் பேச மாட்டேன்னு சொன்னவர்டி. சொன்ன சொல்லை மாத்தற ஆள் இல்ல அவர்.”

மேற்பார்வை பார்க்கும் மேடம் அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் முகத்திலும் களைப்புதான்.

“லைனை அடைச்சு வெக்கற இவர் ஒருத்தரால மொத்த டீமுக்கும் கெட்ட பேரு. எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா, எத்தனை நாள் சமாளிக்கறது? நாளைக்கு வந்தார்னா அந்த நம்பரை முடக்கிடு. மனசு வரலைன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ.”

மறுநாள் மத்தியானம் சொல்லிவைத்தாற்போல அழைப்பு வந்தது. மேடம் அவள் தோளில் கை வைத்தபடி நின்றார். அவள் அர்த்தம் சொன்னாள், அந்த வார்த்தை பிறந்த கதையைச் சொன்னாள்.

“ஒரு உதாரணம் சொல்லு.”

“சார், இதான் கடைசி. இனிமே உங்க நம்பர் இங்க விழாது. முடக்கச் சொல்லிட்டாங்க.”



“அப்ப நான் எங்க போய்க் கேக்கறது?” குரல் உடைந்திருந்தது.

அவளுக்கு அழுகையும் வந்தது, அலுப்பும் வந்தது. நம்பரை முடக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

“ஆயுசு பூரா இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவருக்கு ‘கம்’ தெரியாதா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானேப்பா. போதும்ப்பா, என்னால முடியல. என் சொந்த நம்பர் மாறல, அதுக்கே கூப்பிடுங்க.”

தோளில் இருந்த மேடத்தின் கை தானாக விலகியது.

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“உன்கூட நான் எங்க பேசினேன்? சந்தேகம்தானே கேட்டேன்.”