வீரபாண்டி பெண் பார்த்த வெள்ளிக்கிழமை

"ரூமுக்குள்ளே எதுக்குடா கூலிங்கிளாஸ்? கழட்டு!" மணிமாறன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

வீரபாண்டி கழற்றவில்லை. கட்டிலில் கால்மேல் கால் போட்டு, போனைப் பார்த்து இளித்தான். கழுத்தில் இரவல் சங்கிலி. முகத்தில் அரை டப்பா பவுடர்.

வளைகுடாவில், சோஹார் தொழிலாளர் கேம்ப்பில் அன்று லீவு. ஆண்டிபட்டியிலிருந்து வீடியோ காலில் பெண் வீட்டார். பெண் சங்கீதா, மணிமாறனின் மனைவி அருணாவுக்குச் சித்தப்பா மகள். முப்பத்தெட்டு வயசாகியும் கல்யாணம் அமையாத நண்பனுக்காக மூன்று மாசம் பேசி அவன்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்திருந்தான். பெண்ணின் போட்டோ வந்த நாளிலிருந்து வீரபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலைங்க?" பெண்ணின் அப்பா கேட்டார்.

"வெல்டர்னு பேருக்குச் சொல்லிக்கிறது. நான் தலையாட்டாம முதலாளி ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாரு."

பின்னால் நின்ற ரூம்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பொண்ணைப் பிடிச்சிருக்குங்களா?"

"அது இருக்கட்டும். என்னை நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க. அரபிப் பொண்ணுங்களே திரும்பிப் பாக்குற முகம் இது!" எழுந்து நின்று இடமும் வலமும் திரும்பிக் காட்டினான்.

"ஏப்பா அழகுமலை, ராஜாவுக்குச் சாமரம் வீசுப்பா!" யாரோ கத்த, அழகுமலை துண்டால் விசிறினான். ரூமே குலுங்கியது. வீரபாண்டி மீசையை முறுக்கிக்கொண்டான்.

அந்தப் பக்கம் போன் பட்டென்று கட்டானது.

ஐந்தாவது நிமிஷம் அருணா அழைத்தாள்.

"தங்கமான ஆளுன்னீங்களே, இதுவா தங்கம்? இந்தக் கோமாளிக்கா என் பொண்ணுன்னு சித்தப்பா கொதிக்கிறாரு. இடமே வேணாம்னுட்டாரு!"

மணிமாறனுக்கு மானமே போயிற்று. வீரபாண்டியைத் தேடிப் போனான். அவன் குழாயடியில் சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என் பேரைக் கெடுத்துட்டியேடா! இனிமே உனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"

வீரபாண்டி இன்னும் அழுத்தித் தேய்த்தான். பக்கத்தில் வைத்திருந்த அவன் போன் அடித்தது. ஊர் நம்பர்.

"அவங்களாத்தான் இருக்கும். மன்னிப்புக் கேளு!" மணிமாறனே எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினான்.

"அண்ணே, சங்கீதா பேசுறேன்." குரல் அழுகையில் உடைந்தது. "அப்பாவே வேணாம்னுட்டாரு. மனசுல ஒருத்தர் இருக்காருன்னு நேத்து நான் சொன்னதுக்காகவா இப்படி? அத்தனை பேரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்களேண்ணே..."

"அழாதம்மா. நல்லா இரு." சோப்புக் கையாலேயே கட் பண்ணினான் வீரபாண்டி.

மணிமாறன் அவனுக்குக் குழாயைத் திறந்துவிட்டான்.

"பொண்ணு வேணாம்னு நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா..."

"அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா அவங்கப்பா அடிச்சே கொன்னுடுவாரு. நான் வேணாம்னா, பொண்ணுகிட்ட என்ன குறையோன்னு ஊரு பேசும்." வீரபாண்டி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"குறை என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும் மாப்ள."