ஆள் இருக்கு

வைப்பரைத் தூக்கி பார்க்கிங் டிக்கெட்டைச் செருகப் போனேன். அவர் காரின் கண்ணாடிமேல் கையை வைத்து மறித்தார்.

"ஆள் இருக்குதானே தங்கச்சி, பிறகு என்னத்துக்கு டிக்கெட்?"

இரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்கிற பாட்டு இது.

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் மாத்தளை டவுன் முழுக்க அதை நம்புகிறது. வண்டிக்குள் ஆள் இருந்தால் அது பார்க்கிங்கில் சேராதாம். மாமியாரை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பேங்கில் நிற்கிற மருமகன்கள் இருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய ஆட்டைக் காட்டி ஆள் இருக்கு என்று சொன்ன ஒருத்தரும் இருக்கிறார்.

இவர் உருத்திரமூர்த்தி சேர். பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து பென்ஷன் எடுத்தவர். ஆள் என்று அவர் சொல்வது தன் மனைவியை, தவமணிதேவி டீச்சரை. என் மகள் ஜஸ்லாவுக்குக் கை பிடித்து எழுதப் பழக்கியவர் அந்த டீச்சர்தான்.

டீச்சருக்காகத்தான் இத்தனை நாள் விட்டுக்கொடுத்தேன். நாங்கள் சண்டை பிடிக்கும்போதெல்லாம் அவர் உள்ளே இருந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். விடு ஸரீனா, இந்த மனுஷன் அப்படித்தான் என்று அதற்கு அர்த்தம். நானும் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

இன்றைக்கு விடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். நேற்று எங்கள் கணக்கைப் பார்க்கிற செக்கர், மற்ற வீதிகளில் டிக்கெட் எழுதும் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதி எழுதாமல் கிடந்த என் டிக்கெட் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, எழுதத் தெரியாவிட்டால் வீட்டிலேயே இரு என்றான். வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது.

அதனால் சேருக்கு முன்னால் போய் வழியை மறித்து நின்றேன்.

அவர் கையிலிருந்த, டாக்டர் எழுதிய மருந்துத் துண்டைக் காட்டினார். டீச்சருக்கு விடியற்காலையிலிருந்து மூச்சு இழுப்பு, ரத்தோட்டையிலிருந்து வரும் வழியில் வாயில் அடிக்கிற பம்ப் முடிந்துவிட்டது, எதிரே உள்ள பாமசியில் ஒன்று வாங்கி அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

போன கிழமை சீனி டெஸ்ட் என்றார். அதற்கு முந்தின கிழமை பென்ஷன் கவுண்டரை மூடப் போகிறார்கள் என்றார். கிழமைக்கு ஒரு காரணம். டிக்கெட்டை எடுத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்றார். காசை வீசிவிட்டு அவர் ஓடியிருக்கலாம். நானும் ஓர் அடி தள்ளி நின்றிருக்கலாம். இரண்டு பேருக்கும் தோற்க மனம் வரவில்லை.

ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் எனக்காக விசிலடித்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே டீச்சர் கையைத் தூக்கினார்.

இன்றைக்கு உங்கள் சமாதானம் எடுபடாது டீச்சர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில், வந்து காசைத் தருகிறேன் என்று கத்திவிட்டு, பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே புகுந்து சேர் ரோட்டைக் கடந்தார். ஒரு செருப்பு கழன்று நடுரோட்டில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

நான் வண்டி இலக்கத்தை எழுதினேன். நேரம் எழுதும் இடத்தில் பத்து இருபது என்று போட்டேன். டிக்கெட்டை வைப்பருக்குக் கீழே செருகி நன்றாக அழுத்திவிட்டேன்.

டீச்சர் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தார். தூக்கிய கை மடியில் இறங்கியிருந்தது. சண்டை முடிந்ததும் கண் அயர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பாமசியில் கூட்டம். சேர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவது இங்கிருந்தே தெரிந்தது. ஒருநாளும் வரிசையைக் குழப்பாத மனுஷன். எனக்குக் கொஞ்சம் என்னவோ போல இருந்தது. போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து காரின் கதவோரம் வைத்தேன்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கவனிக்கவில்லை. சீட்டில் ஏறி, பெட்டியைப் பல்லால் கிழித்து, பம்பை வெளியே எடுத்துக் குலுக்கினார். டீச்சர் பக்கம் குனிந்தார். அவருடைய முதுகு மறைத்ததால் எனக்குத் தோள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஒரு தடவை அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். அதற்குப் பிறகு நிறையத் தடவை.

பிறகு நிறுத்தினார்.

பம்புக்கு மூடியைப் போட்டார். கைக்குட்டையால் டீச்சரின் வாயைத் துடைத்தார். சரிந்திருந்த மூக்குக் கண்ணாடியை நேராக்கி வைத்தார்.

அல்ஹம்துலில்லாஹ், இழுப்பு அடங்கிவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. செக்கர் கிடக்கிறான், இந்த ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

சேர் இறங்கி வண்டியின் முன்பக்கமாக வந்தார். வைப்பரிலிருந்து டிக்கெட்டை அவரே எடுத்தார். நான் எழுதியிருந்த நேரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, காசை நீட்டினார்.

"வேணாம் சேர்," என்றேன். "அதான் டீச்சர் உள்ளுக்கு இருக்காங்களே."

அவர் காசை என் டிக்கெட் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"இல்ல தங்கச்சி. இன்னைக்கு ஆள் இல்ல."