அடைமழைக்கு என்ன ஆச்சு?

"என்னால முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் டயர் கடைக்காரர்.

கோட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் நாடாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார்.

"அவர் கிடக்கிறார். நீங்க கையை அளங்க" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். சேவைச் சங்கத்தின் அடுத்த மண்டலத் தலைவராக டயர் கடைக்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ரத்ததான முகாமா, கண் சிகிச்சை முகாமா, நாற்காலி தூக்குவதில் ஆரம்பித்துக் கூட்டிப் பெருக்குவது வரை மனுஷன் முன்னால் நிற்பார். மைக்கைக் கண்டால் மட்டும் பின்னால் போய்விடுவார்.

தேர்ந்தெடுத்த அன்று நன்றி சொல்ல மேடை ஏறினார். பாக்கெட்டிலிருந்து பேப்பரை எடுத்ததுமே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவ்வளவுதான், எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிட்டது. பாதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

சிரித்தவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கேட்டுப் பழகிய பேச்சு அப்படி. இப்போதைய தலைவர் ஒரு வக்கீல். சங்கத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அடைமழை'. துண்டுச் சீட்டு கூடக் கையில் இருக்காது. எழுந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் உட்காருவார். கேட்பவர்களுக்குக் கையில் இருக்கும் டீ ஆறிப்போவது கூடத் தெரியாது.

"அவர் நின்ன இடத்துல நான் பேப்பரும் கையுமா நின்னா என் மானம் என்னாகும்?"

"பதவி ஏத்துக்க இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள பழகிடும்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து குடோனில் டயர்களுக்கு முன்னால் பேசிப் பழகினார். டயர்கள் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பதவிக்கு வருகிறவர், இருக்கிறவரோடு கிளை கிளையாகப் போய் வேலை பழக வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். முதல் கிளைக்கு இருவரும் போனார்கள்.

அடைமழை எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பாக்கெட்டிலிருந்து நாலு தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

கூட்டம் முழித்தது. அவரோ படித்த வரியையே மறுபடி படித்தார். ஒரு தாளைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினார். முடிக்கும்போது பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள்.

அடுத்த கிளையிலும் அதே கதைதான். அதற்கடுத்த கிளையிலும்.

டயர் கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. காரில் திரும்பும்போது கேட்டுவிட்டார்.

"என்னண்ணே, நீங்க பேப்பரே தொட மாட்டீங்களே?"

"வயசாகுது தம்பி. முன்ன மாதிரி ஞாபகம் நிக்க மாட்டேங்குது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க."

சங்கத்தில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

"பதவி முடியப்போகுதில்ல, அக்கறை விட்டுப்போச்சு" என்றார் செயலாளர்.

"அதெல்லாம் இல்ல, மறதி நோயாம். ரெண்டு கட்சிக்காரங்க கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிட்டு வேற வக்கீல்கிட்ட போயிட்டாங்களாம்" என்றார் பொருளாளர். "இருந்தாலும் இப்படியா? சின்னப் பசங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி."

டயர் கடைக்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஒரு குரங்கு, ஓர் ஓரத்தில் குஷியாகவும் இருந்தது. கடைசியாகப் போன கிளையில் அவரையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேப்பரை எடுத்துப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முழுசாகப் படித்து முடித்ததோடு கைதட்டலும் வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னார்: "வக்கீலை விட நான் தேவலைன்னு காதுபடவே பேசிக்கிறாங்க தெரியுமா?"

"அவர் நொடிச்சதுல நமக்கென்ன பெருமை? சட்டையை மாத்துங்க" என்றாள் அவள்.

பதவியேற்பு நாள் வந்தது. புதுக் கோட்டு கச்சிதமாக இருந்தது. பழைய தலைவரைப் புதியவரே போய் அழைத்துவர வேண்டும். டயர் கடைக்காரர் வக்கீல் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே அடைமழை பெய்துகொண்டிருந்தது.

தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை, அத்தனை கிளைகளையும் பெயர் சொல்லி, விடைபெறும் உரை. கேட்டுக்கொண்டே நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சு நின்றது. வக்கீலின் மனைவி குரல் கேட்டது.

"இதையே இன்னிக்கு மேடையில பேசினா என்னங்க? கடைசிப் பேச்சு. மறதிக்காரர்னு பேர் வாங்கிட்டுத்தான் இறங்கணுமா?"

"இன்னிக்குத்தான் கட்டாயம் படிச்சாகணும். எனக்கு அடுத்து அந்தத் தம்பி பேசணும். நான் கொட்டித் தீர்த்துட்டா, அவர் பேப்பரை எடுக்கும்போது மறுபடியும் சிரிப்பாங்க. மனுஷன் நொந்துபோய் ஒதுங்கிடுவார். அவரை மாதிரி வேலை செய்ய வேற ஆள் கிடையாது."

அழைப்பு மணியை அழுத்தப்போன டயர் கடைக்காரரின் விரல் அப்படியே நின்றது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

உள்ளே அந்த அம்மாள் சொன்னாள்:

"சரி, பேப்பரை எடுங்க. போன கூட்டத்துல ரெண்டாவது பக்கத்துல தடுமாறவே மறந்துட்டீங்க. இன்னிக்காவது ஒழுங்காத் தடுமாறுங்க."