மஞ்சள் காருக்குக் காவல்

"அத்தா, சாவி இப்ப எங்க இருக்கு?"

துபாயிலிருந்து ஃபைசல் போன் செய்தால் முதல் கேள்வி இதுதான். உடம்பு எப்படி, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

"சாவி டப்பாவுக்குள்ள இருக்குப்பா. டப்பா அரிசி டிரம்முக்குள்ள இருக்கு. டிரம்மு மேல உங்கம்மா உக்காந்திருக்கா" என்றார் அப்துல் கனி, வீரசோழன் கிராமத்திலிருந்து.

போன லீவில் வந்தபோது ஃபைசல் ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போன மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் அது. அவன் வெளிநாட்டில் வேர்த்தது முழுக்க அதில்தான் நின்றது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். தெருமுனை ஸ்பீடு பிரேக்கர் அடிவயிற்றைத் தேய்த்துவிட்டதால், அருப்புக்கோட்டைக்கு ஒரே ஒரு தடவை போய்வந்ததோடு அதன் பயணம் முடிந்தது. 'இதுல எத்தனை மூட்டை மல்லி ஏத்தலாம்?' என்று கேட்ட பக்கத்துக் கடைக்காரரோடு ஃபைசல் இன்றுவரை பேசுவதில்லை.

இந்த மாதிரி வண்டிகளை இப்போது யாரும் பூட்டை உடைத்துத் திருடுவதில்லை, காற்றிலேயே திருடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, ஃபைசல் ராப்பகலாக வீடியோ பார்த்து அந்த வித்தையில் கரைகண்டுவிட்டான். கற்றதை வாரம் ஒரு பாடமாக அத்தாவுக்கு நடத்தினான். சாவி சும்மா கிடந்தாலும் காரோடு பேசிக்கொண்டே இருக்குமாம். சுவருக்கு வெளியே ஒருத்தன் பெட்டியோடு நின்று அந்தப் பேச்சைப் பிடித்து, காருக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தனுக்கு அனுப்புவானாம். சாவிதான் வந்துவிட்டது என்று ஏமாந்து கார் கதவைத் திறந்துவிடுமாம். சாவியைத் தகர டப்பாவில் போட்டு மூடினால் அதன் வாயை அடைத்துவிடலாம்.

ஊர் ஊராக மல்லியும் வத்தலும் வாங்கி விற்று ஓய்ந்த மனிதர், எல்லாவற்றையும் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாளே அவராகப் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி, நீ சொன்னது சரியாப் போச்சுப்பா. நேத்து ராத்திரி ஒருத்தன் சுவரோரமா பெட்டியோட நின்னான். இன்னொருத்தன் காருகிட்ட நின்னான். நான் செருமவும் போயிட்டாங்க."

ஃபைசலுக்குப் பதறியது. ஆனால் பதற்றத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவன் சொன்ன மாதிரியே அல்லவா திருடன் வந்திருக்கிறான்.

ஜும்மா முடிந்து வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஊருக்குப் பேசுகிறவன், காலையும் மாலையும் போனும் கையுமாக அலைவதைப் பார்த்து, அறையில் இருந்தவர்கள் பெண் பார்த்தாயிற்றா என்று கேட்டார்கள்.

அடுத்த பாடம் முன்விளக்கு. அதைக் கழற்றி, பின்னால் ஓடும் ஒயரில் ஒரு கருவியைச் செருகினால் சாவியே வேண்டாம். பாடம் நடத்திய இரண்டாம் நாள், முன்விளக்குக்குப் பக்கத்தில் ஒருத்தன் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததாக அத்தா சொன்னார். கொட்டகையில் மாட்டிவிட்டு வந்த கேமரா என்ன ஆச்சு என்று இவன் கேட்டான். ஒயரை அணில் கடித்துவிட்டதாம். ஸ்டியரிங்கைப் பூட்டுகிற இரும்புத் தடியை ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினான். அத்தா பூட்டிவிட்டு வீடியோவில் காட்டினார். பின்னால் அம்மா ரசூல் பீவி முணுமுணுப்பது கேட்டது: "இதைக் கட்டிக் காக்குறதுக்கு நாலு ஆடு வாங்கியிருந்தா குட்டியாவது போட்டிருக்கும்."

அப்படிப்பட்ட அம்மா ஒரு நாள் தானே போனை வாங்கினாள்.

"தம்பி, நேத்து காரு கதவே திறந்துக்கிருச்சுப்பா. உள்ள ஏறி உக்காந்துட்டான். அத்தா கம்பெடுத்துக்கிட்டு ஓடவும் குதிச்சு ஓடிட்டான்."

போலீசில் சொல்லச் சொன்னான். சொன்னால் காரைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் போட்டுவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்களே என்றாள் அம்மா. கருவேலஞ்செடி முளைத்த மஞ்சள் கார் ஒன்று ஃபைசலின் கண்முன்னால் வந்து நின்றது. அதன்பிறகு அவன் போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு பெருநாளாகக் கிடைக்காத லீவு அன்று மத்தியானமே கிடைத்தது. கேட்ட விதம் அப்படி.

ஊருக்கு வந்தவன், பெட்டியைக் கையில் பிடித்தபடியே கொட்டகைக்குப் போனான். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். கீறல் இல்லை. முன்விளக்குத் திருகுகள் அசையக்கூட இல்லை. தான் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு வீண்போகவில்லை என்று அத்தாவிடம் ஒரு சிறிய பிரசங்கம் செய்தான். அத்தா இதற்கும் 'ம்' கொட்டினார். அம்மா விடியற்காலையிலிருந்தே அடுப்படியில் நின்று நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவும் ஆக்கியிருந்தாள். போதும் போதும் என்னும்வரை வைத்தாள். அதற்கப்புறமும் வைத்தாள்.

உண்ட மயக்கத்தில் கூடத்துப் பாயில் சாய்ந்தவனுக்குக் கண் செருகியது. முழுதாகத் தூங்குவதற்குள் அடுப்படியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

"எந்திரிச்சதும் கேப்பான். திருடன் கிழக்க ஓடுனானா, மேக்க ஓடுனானான்னு ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும். நீங்க பாட்டுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்காதிக."

"கிழக்கன்னு சொல்லுவோம்" என்றார் அப்துல் கனி.

"கிழக்க பூராம் முள்ளுக்காடு அத்தா, எவன் ஓடுவான்? மேக்கன்னே சொல்லுங்க" என்றான் ஃபைசல், கண்ணைத் திறக்காமல்.