நாற்பத்தொரு குரல்

அழித்த பிறகும் மரம் அப்படியே நின்றது.

மடிக்கணினியின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளால் ஆன மரம். ஸ்கந்தபுரம் ஒரு கிளை, துணுக்காய் ஒரு கிளை. கீழே வீட்டுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு குரல் பதிவு.

போரில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் பேசியவை. மொத்தம் நாற்பத்தொன்று. இரண்டு வருடமாக ஊர் ஊராக அலைந்து ஜெயரூபி பதிந்தவை.

காலையில் அந்த அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம், ஆண் குரல். பதிவுகள் விஷயமாக வருவதாகச் சொன்னார். பெயர் சொல்லாமலே வைத்துவிட்டார்.

கூட வேலை செய்யும் பிரசாந்தனுக்கும் போன கிழமை இப்படித்தான் அழைப்பு வந்தது. சிவில் உடுப்பில் புலனாய்வாளர் இரண்டு பேர் வந்து, யார் யார் பேசினார்கள் என்று நாள் முழுக்கக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வேலைக்கே வரவில்லை.

பேசியவர்களை எப்படிக் காட்டிக்கொடுப்பது? ஜெயரூபி மடிக்கணினியில் இருந்த பதிவுகளை எல்லாம் அழித்தாள். வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்தது, அது போதும். சரிபார்க்க, பதிவுகளை மரமாகக் காட்டவென்று பிரசாந்தன் செய்து தந்த கட்டளையைத் தட்டினாள்.

ஒரு பெயர்கூடக் குறையவில்லை.

செருகிக் கிடக்கும் டிஸ்க்கைத்தான் காட்டுகிறது, வேறென்ன? வருகிறவர்கள் கையில் அதுவும் சிக்கிவிடும் என்று, அதையும் மீட்க முடியாதபடி துடைத்தாள். மறுபடி தட்டினாள்.

நாற்பத்தொன்றும் வரிசையாக வந்தன. வெளியே மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கட்டளை டிஸ்க்கைப் பார்ப்பதே இல்லை. பிரசாந்தன் எழுதி வைத்துவிட்டுப் போன பெயர்ப் பட்டியலை வாசித்து மரமாக வரைகிறது, அவ்வளவுதான். பதிவுகள் இருந்தாலும் போனாலும் அதற்கு ஒன்றுதான். இது அவளுக்குத் தெரியாததா? பாழாய்ப்போன பயத்தில், மிஞ்சியிருந்த ஒரே பிரதியையும் துடைத்துவிட்டாள்.

திரையை மூடுவதற்குள் கதவு திறந்தது. சாரம் கட்டிய வயதானவர் ஒருவர், கையில் தலைக்கவசம்.

"நான்தாம்மா போன் பண்ணினேன். துணுக்காய் கணபதி. என் சம்சாரம் ராக்காயி உங்ககிட்ட பேசி வச்சிருக்காளாம். அவ செத்து முப்பது நாளாச்சு. ஒருவாட்டி அந்தக் குரலக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

ஜெயரூபி மூடப்போன திரையிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவி வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"இந்தா, இருக்காளே!"

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.