நெரிஸின் பாட்டு

காட்டுக்குள் வட்டமாக நின்றவர்கள் நெரிஸ் தேவியை அழைத்துப் பாடத் தொடங்கியதும், வினிஃப்ரெட் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள். சூனியக்காரிகளின் ஆதி மதம் என்று அவர்கள் பின்பற்றிய அந்த நெறியைத் தொடங்கியவன், அவளை விட்டுப் போன கணவன் எட்வின். அவன் செத்ததும் சீடர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த நெறி ஆயிரம் வருடமாக ரகசியமாகக் கைமாறி வந்தது என்றது ஒரு கூட்டம். எட்வின் இட்டுக்கட்டியது என்றது இன்னொன்று. உண்மையைப் போட்டு உடைக்கத்தான் அவள் வந்திருந்தாள். நெரிஸ் அவளுக்கும் எட்வினுக்கும் பிறந்த மகள். மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். அந்தப் பாட்டு, அவளை மடியில் போட்டுத் தூங்கவைக்க வினிஃப்ரெட் தானே புனைந்த தாலாட்டு. குழந்தையைப் புதைத்த பிறகு எட்வின் அந்தப் பெயரை வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மறந்துவிட்டான் என்றே இத்தனை காலமும் அவனை வெறுத்திருந்தாள். இப்போதோ முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி உருகிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு நின்றது. பூசை நடத்தும் ரோவினா, எட்வினின் மனைவியே சொல்லட்டும் என்று அவளிடம் வந்தாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது நிஜமாவே பழைய பாட்டா, இல்ல அவரு கட்டிவிட்டதா?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், நாளை முதல் நெரிஸை அழைக்க உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"பழசுதான்," என்றாள் வினிஃப்ரெட். "ஆனா கடைசி வரிய இவ்வளவு சத்தமாப் பாடாதீங்க. குழந்தை முழிச்சுக்கும்."