ஒன்பது மணி நேரம்

"ஏழு மணி நேரத்துல நேரா வர்ற விமானம் இருக்கு. எங்கம்மாவை மட்டும் பதினெட்டு மணி நேரம் சுத்த விடுவீங்களா?"

டிக்கெட் தாளைக் கணவன் முன்னால் வீசினாள். இடுப்பில் இருந்த குழந்தை, தாள் பறந்ததைப் பார்த்துக் கை கொட்டியது.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறணும். அவ்வளவுதானே?" என்றான்.

"அவ்வளவுதானா? அங்கே ஒன்பது மணி நேரம் காத்துக் கிடக்கணும்! முட்டி வலியில நாலு படி ஏற முடியாதவங்க. உங்கம்மா வந்தப்போ மட்டும் நேர் விமானம்!"

"சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன்."

"எவனாவது ஒரு மூலையில தள்ளிவிட்டுப் போயிடுவான். பாத்ரூம் போகணும்னாகூட யாரைக் கூப்பிடுவாங்க?"

அவன் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு ஆறவில்லை. டிக்கெட் ஆபீசுக்கே போன் போட்டாள்.

"நேர் விமானத்துல இடம் இருந்துச்சு மேடம். சார்தான், நடுவுல எட்டு மணி நேரத்துக்குக் குறையாம காத்திருக்கிற டிக்கெட்தான் வேணும்னு தேடி எடுத்தார்," என்றாள் அங்கிருந்த பெண்.

கஞ்சத்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். இது வேண்டுமென்றே செய்தது!

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சாவுக்குக்கூட வராம என் தம்பி எங்கேயோ போய்க் கிடக்கிறான். அவன் முகத்துல முழிச்சா என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியமே வாங்கியிருக்கேன். அவங்களுக்கு இருக்கிறது நான் ஒருத்திதான். நீங்களும் சேர்ந்து அவங்களை வதைக்கணுமா?"

"அம்மா வரட்டும்," என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

நாலு நாள் பேச்சு இல்லை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," என்று, இன்னும் பேச்சே வராத குழந்தையிடம் சொல்லி அனுப்பினாள்.

விமான நிலையத்தில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாடி வதங்கி வருவாள் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு. காலில் புது நீல சாக்ஸ். முட்டியில் தைல வாசனை.

"ஒன்பது மணி நேரமும் நாற்காலியிலேயே கிடந்தியாம்மா? எல்லாம் இவரால!" என்று கணவனை முறைத்தாள்.

"எங்கே கிடந்தேன்? அந்தக் கட்டடத்தையே சுத்திட்டேன். நாற்காலி தள்ளின பிள்ளைகிட்ட, கூட வேலை பார்க்கிறவங்க, 'இன்னிக்கு உனக்கு இந்த ஒரு நாற்காலி போதும், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்'னு சொல்லிட்டாங்க. கால் அமுக்கிவிட்டான். சாப்பாடு ஊட்டிவிட்டான். இந்த சாக்ஸும் அவன் மாட்டிவிட்டதுதான்."

"முன்னப்பின்ன தெரியாதவன் இவ்வளவு செஞ்சானா?"

அம்மா மருமகனைப் பார்த்தாள். அவன் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

சாக்ஸ் போட்ட கால்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"அங்கே நாற்காலி தள்ளுறதுதான் உன் தம்பிக்கு வேலை. ஒரு ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம். மாப்பிள்ளை அதைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுத்தார். சொல்லுடி, நான் உன் வீட்டுக்கு வரலாமா, இப்படியே திரும்பிப் போகட்டுமா?"